கொடையும் விலையும்: மருந்துக் கம்பெனிகளின் ‘சமூகப் பொறுப்பு’ பற்றிச் சில குறிப்புகள்

1

“கம்பெனிக்காரன் சும்மா குடுக்குறான். வாங்கிக்கிட்டா என்ன கெட்டுப்போச்சு? நீங்கதான் எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிக்கிறீங்க.”

கிராமங்களில் மருத்துவ முகாம் நடத்துகிற நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டது இது. அவருடைய முகாமுக்கு ஒரு மருந்து நிறுவனம் தன் சி.எஸ்.ஆர். நிதியிலிருந்து வண்டியும் மாத்திரைகளும் கொடுத்திருந்தது. வண்டியின் மூன்று பக்கமும் நிறுவனத்தின் பெயர். நான் பதில் சொல்லவில்லை. பதில் இல்லாமல் அல்ல, என் வீட்டுக் கதை ஒன்று குறுக்கே வந்து நின்றுவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் அம்மாவுக்கு முடக்குவாதம் முற்றி, விரல்கள் மடங்கிப் போயின. டாக்டர் ஒரு ஊசியை எழுதிக்கொடுத்தார். அதன் ஒரு மாத விலை என் மாதச் சம்பளத்தைவிட அதிகம். அப்புறம் அவரே, நிறுவனத்தில் ஒரு ‘உதவித் திட்டம்’ இருப்பதாகச் சொன்னார். மூன்று மாதம் காசு கொடுத்து வாங்கினால் அடுத்த மூன்று மாதம் இலவசம். வருமானச் சான்று, ரேஷன் கார்டு நகல், டாக்டரின் கடிதம் எல்லாம் வைத்து விண்ணப்பம் போட்டோம். படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: பயனாளியின் படத்தையும் ‘கதை’யையும் நிறுவனம் தன் வெளியீடுகளில் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதம். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “ஏப்பா, எனக்குக் குடுக்குறாங்களா, என்னையக் காட்டிக் குடுக்குறாங்களா?” என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கையெழுத்தும் போட்டார். வளைந்த விரல்களால் போட்ட கையெழுத்து. அந்த ஊசியில் விரல்கள் ஓரளவு நிமிர்ந்தன.

எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. நான் இந்த விஷயத்துக்கு வெளியே நின்றுகொண்டு எழுத முடியாது என்பதைச் சொல்லவே இதைச் சொன்னேன். கொடுப்பது நல்லதா கெட்டதா என்ற ஒழுக்கவியல் கேள்வி நம்மை எங்கும் கொண்டுசேர்க்காது. கேட்கவேண்டியது வேறு: இந்தக் கொடை எதைத் தொடாமல் விட்டுவைக்கிறது? அம்மா பெற்ற இலவச மூன்று மாதம், காசு கொடுத்த மூன்று மாதத்தின் விலையைப் பற்றி நம்மைப் பேசவிடாமல் செய்துவிட்டதல்லவா?

2

‘நிறுவனச் சமூகப் பொறுப்பு’ என்ற சொல்லாடலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1953இல் ஹோவர்ட் போவென் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் தொழிலதிபரின் சமூகப் பொறுப்புகள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் தானதருமத்தை மட்டும் பேசவில்லை. தொழிலுக்குள் எடுக்கிற முடிவுகளையே சமூகத்தின் நோக்கங்களுக்கும் மதிப்பீடுகளுக்கும் இசைய எடுக்கவேண்டும் என்பது அவர் வாதம். அதாவது பொறுப்பு என்பது தொழிலின் உள்ளே இருந்தது. 1970 செப்டம்பர் 13 அன்று மில்டன் ஃப்ரீட்மன் நியூயார்க் டைம்ஸின் வார இதழில் இதற்கு மறுப்பு எழுதினார். ஆட்டத்தின் விதிகளுக்கு உட்பட்டு லாபத்தைப் பெருக்குவது ஒன்றே வணிகத்தின் சமூகப் பொறுப்பு என்பது அவர் கட்சி.

ஒரு தற்செயலைக் கவனிக்கலாம். அந்தக் கட்டுரை வந்து ஆறு நாள் கழித்து, செப்டம்பர் 19 அன்று, இந்தியாவின் காப்புரிமைச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். ராஜகோபால ஐயங்கார் 1959இல் தந்த அறிக்கையின் மீது எழுந்த சட்டம் அது. மருந்தைப் பொறுத்தவரை பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான் என்றது. ஒரே மருந்தை வேறு வழியில் தயாரித்தால் தடையில்லை. நம் ஊர் மருந்துத் தொழில் வளர்ந்தது இந்த இடைவெளியில்தான். ஃப்ரீட்மன் சொன்ன ‘ஆட்டத்தின் விதி’யை யார் எழுதுவது என்ற கேள்விக்கு ஒரு ஏழை நாடு தந்த பதில் என்று இதை வாசிக்கலாம். இந்த விதி 1995இல் உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததோடு நெருக்கடிக்குள்ளானது. 2005இல் பொருள் காப்புரிமை திரும்பி வந்தது.

இப்போது இன்னொரு சட்டம். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135ஆம் பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுவரவு 1000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி - இவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடவேண்டும். 2014 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. நல்ல சட்டம்தானே என்று தோன்றும். ஆனால் இதன் விதிகளில் ஒரு விலக்கு உண்டு: நிறுவனம் தன் வழக்கமான தொழிலின் போக்கில் செய்கிற காரியம் எதுவும் இந்தக் கணக்கில் சேராது. (கோவிட் காலத்தில் மருந்து, தடுப்பூசி ஆராய்ச்சிக்கு மட்டும் தற்காலிகமாக ஒரு விதிவிலக்கு தந்தார்கள்.)

விலக்கின் நோக்கம் நியாயமானது. விளம்பரச் செலவைத் தருமக் கணக்கில் எழுதிவிடக்கூடாது. ஆனால் அதன் தர்க்கத்தைக் கடைசிவரை கொண்டுபோய்ப் பாருங்கள். மருந்துக் கம்பெனி பள்ளிக்கூடத்தில் கழிப்பறை கட்டினால் பொறுப்பு. தன் மருந்தின் விலையைக் குறைத்தால் பொறுப்பு இல்லை, வெறும் வியாபாரம். மரம் நட்டால் பொறுப்பு. தன் ஆலைக் கழிவைச் சுத்திகரித்தால் அது வழக்கமான தொழில். போவென் தொழிலுக்குள் வைத்த பொறுப்பு, அறுபது ஆண்டில் சட்டபூர்வமாகத் தொழிலுக்கு வெளியே வந்துவிட்டது. 2 சதவீதம் சமூகத்துக்கு என்று சொல்லும்போதே மீதி 98 சதவீதத்துக்குச் சமூகத்தோடு உறவில்லை என்கிற பாவனை உருவாகிறது. வேறு தொழில்களுக்கு இது எப்படியோ, மருந்துத் தொழிலில் சமூகம் அந்த 98க்குள்தான் படுத்துக் கிடக்கிறது.

3

எதிர்த்தரப்பின் வலுவான உதாரணத்தை முதலில் எடுத்துக்கொள்வதே நேர்மை. ஆற்றோரக் குருட்டு நோய் என்று ஒன்று. ஓடும் ஆற்றங்கரைகளில் பெருகும் கருப்பு ஈ கடித்துப் பரவும் புழுவால் வருவது. தோலில் தாளாத அரிப்பு, முடிவில் பார்வையிழப்பு. ஆப்பிரிக்காவில் ஆற்றோர ஊர்களையே மக்கள் கைவிட்டுப் போனதுண்டு. அமெரிக்காவின் மெர்க் நிறுவனம் கால்நடைகளின் ஒட்டுண்ணிக்காக ஐவர்மெக்டின் என்ற மருந்தைக் கொண்டுவந்தது. ஜப்பானின் சதோஷி ஓமுராவும் மெர்க்கின் வில்லியம் கேம்ப்பெலும் இதன் பின்னணியில் இருந்தவர்கள். 2015இல் நோபல் பரிசு பெற்றார்கள். மனிதர்களிடம் முதல் சோதனை 1981இல் செனகலில் நடந்தது. மருந்து கேட்டது. ஆனால் அதை வாங்கவேண்டியவர்களிடம் காசு இல்லை. நிறுவனத் தலைவர் ராய் வாகெலோஸ் விலை கொடுக்க யாராவது முன்வருவார்களா என்று தேடினார். யாரும் வரவில்லை. 1987 அக்டோபரில் நிறுவனமே, தேவைப்படும் அளவு, தேவைப்படும் காலம்வரை இலவசமாகத் தருவதாக அறிவித்தது. அந்தத் திட்டம் நிற்கவில்லை. கொலம்பியா 2013இலும் ஈக்வடார் 2014இலும் மெக்சிகோ 2015இலும் குவாதமாலா 2016இலும் இந்த நோயிலிருந்து விடுபட்டதாக உறுதிசெய்யப்பட்டன.

இதைப் பாசாங்கு என்று ஒதுக்குகிறவன் அந்த ஆற்றங்கரையில் பிறக்காதவன். ஆனால் இது ஏன் சாத்தியமாயிற்று என்று கேட்கலாம். இங்கே காப்பாற்றவேண்டிய விலை எதுவும் இல்லை. நோயாளிகள் சந்தைக்கு வெளியே இருந்தார்கள். அதே மருந்து கால்நடைச் சந்தையில் வேண்டிய மட்டும் சம்பாதித்துக்கொண்டிருந்தது. கொடையும் விலையும் இரு வேறு உலகங்களில் இருந்ததால் ஒன்றோடொன்று மோதவில்லை.

மோதும் இடத்தில் அதே நிறுவனம் எப்படி நடந்துகொண்டது? 1999இல் சந்தைக்கு வந்த அதன் வயாக்ஸ் என்ற வலி மாத்திரை, மாரடைப்பு ஆபத்தை அதிகரிப்பது உறுதியானதால் 2004 செப்டம்பரில் திரும்பப் பெறப்பட்டது. அபாயக் குறிகளை முன்பே மறைத்தார்கள் என்று ஆயிரக்கணக்கானோர் வழக்குப் போட்டார்கள். தவறை ஒப்புக்கொள்ளாமலே 2007இல் 485 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது மெர்க். நல்ல கம்பெனி, கெட்ட கம்பெனி என்ற எதிர்வு உதவாது என்பதற்காகச் சொல்கிறேன். ஒரே உடம்பில் இரண்டு கைகள்: ஒன்று கொடுக்கிறது, ஒன்று விலை வைக்கிறது.

4

இரண்டு கைகளும் ஒரே மாத்திரையின் மீது படிந்த இடம் சென்னை. நாள்பட்ட மைலாய்டு வகை ரத்தப் புற்றுநோய்க்கு 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து கிளிவெக். ஒரு காலத்தில் சில ஆண்டுகளில் உயிரைக் கொண்டுபோன நோயை, தினமும் மாத்திரை சாப்பிட்டுச் சமாளிக்கிற நோயாக மாற்றிய மருந்து. உரிமையாளர் சுவிட்சர்லாந்தின் நோவார்டிஸ். வழக்கு நடந்த காலத்தில் இந்தியாவில் மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாயாக இருந்தது. இந்திய நிறுவனங்களின் அதே மருந்து அப்போது 8,000 முதல் 10,000 ரூபாய்.

நோவார்டிஸ் 1998இல் இந்தியாவில் காப்புரிமை கோரியிருந்தது. மூல வேதிப்பொருளுக்கு அல்ல, அதன் ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்துக்கு. நமது சட்டத்தின் 3(டி) பிரிவு, தெரிந்த பொருளின் புது வடிவம் என்றால் அதன் பலனும் கூடியிருக்கவேண்டும், இல்லையேல் காப்புரிமை இல்லை என்கிறது. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் மறுத்தது. எதிர்த்து நின்றவர்களில் மருந்து நிறுவனங்களோடு புற்றுநோயாளிகளுக்கான ஒரு சங்கமும் இருந்தது. நோவார்டிஸ் அந்தச் சட்டப்பிரிவே செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது. 2007 ஆகஸ்ட் 6 அன்று நீதிபதிகள் ஆர். பாலசுப்ரமணியனும் பிரபா ஸ்ரீதேவனும் மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். (இலக்கிய வாசகர்களுக்கு பிரபா ஸ்ரீதேவனை ஆர். சூடாமணி கதைகளின் மொழிபெயர்ப்பாளராகத் தெரிந்திருக்கும்.) காப்புரிமை வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று 2013 ஏப்ரல் 1 அன்று முடிந்தது. ‘பலன்’ என்றால் நோய் தீர்க்கும் பலன் என்றது தீர்ப்பு. கிளிவெக்குக்கு இங்கே காப்புரிமை கிடைக்கவில்லை.

இத்தனை ஆண்டும் நோவார்டிஸ் திரும்பத் திரும்பச் சொன்னது என்ன? இந்தியாவில் இந்த மருந்து எழுதிக்கொடுக்கப்பட்டவர்களில் 95 சதவீதம் பேருக்கு, 16,000க்கும் மேற்பட்டோருக்கு, நாங்கள் இலவசமாகவே தருகிறோம். பிறகு விலையைப் பற்றி ஏன் பேசுகிறீர்கள்? இந்தக் கூற்றை அப்படியே ஏற்றுக்கொண்டே வாசிப்போம். பெரும்பாலோருக்கு இலவசமாகத் தரமுடிகிற மாத்திரைக்கு 1,20,000 என்ற விலை எதற்கு? சில நூறு பேரிடம் வாங்குவதற்காக மட்டும் அல்ல என்று நினைக்கிறேன். அந்த எண்ணை உயிரோடு வைத்திருப்பதே அதன் பயன். மற்ற நாடுகளில் பேரம் பேசும்போது அங்கே நிற்கவேண்டிய எண் அது. விலையைக் குறைத்தால் நோயாளி வாடிக்கையாளர். கடையில் போய்க் கேட்டு வாங்குவார். இலவசமாகத் தந்தால் பயனாளி, படிவம் நிரப்புவார். யார் தகுதியானவர், எதுவரை, எந்த நிபந்தனையில் என்பதெல்லாம் கொடுப்பவர் கையில். கொடையை நிறுத்தும் உரிமையும் கொடையோடு சேர்ந்தே வருகிறது.

1925இல் மார்ஸெல் மாஸ் என்ற பிரெஞ்சு மானுடவியலாளர், பதிலுக்கு எதுவும் கோராத கொடை இல்லை என்று எழுதினார். கொடுக்கவேண்டும், வாங்கவேண்டும், திருப்பித் தரவேண்டும் - மூன்றும் கடமை. புற்றுநோயாளி எதைத் திருப்பித் தருவார்? தன் நன்றியை, தன் படத்தை, விலை பற்றிய தன் மௌனத்தை.

5

மாஸ் சொன்ன இரண்டாவது கடமையை, வாங்கும் கடமையை, உடைத்தவர்கள் உண்டு. 2016இல் ஃபைசர் நிறுவனம் தன் நிமோனியா தடுப்பூசியில் 10 லட்சம் டோஸ்களை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு இலவசமாகத் தர முன்வந்தது. அவர்கள் வேண்டாம் என்றார்கள். கையில் தடுப்பூசி இல்லாமல் அகதி முகாம்களில் நிற்கிறவர்கள் சொன்ன ‘வேண்டாம்’ அது. எங்களுக்கு இலவசம் வேண்டாம், எல்லோருக்கும் விலையைக் குறையுங்கள்; இலவசம், மற்றவர்களுக்கு வைக்கும் விலையை நியாயப்படுத்துகிறது; நாளை நிறுத்தினால் கேட்க நாதியில்லை - இதுதான் அவர்கள் வாதத்தின் சாரம். அடுத்த மாதமே நெருக்கடிப் பகுதிகளில் வேலை செய்யும் அமைப்புகளுக்கு ஃபைசர் விலையைக் குறைத்தது. கொடையை வாங்கியிருந்தால் இது நடந்திருக்குமா?

இதே ஃபைசர், இதே மருத்துவர் அமைப்பு, இருபது ஆண்டுக்கு முன் வேறொரு காட்சி. 1996இல் நைஜீரியாவின் கானோ நகரில் மூளைக்காய்ச்சல் பெருவாரியாகப் பரவியது. எல்லைகளற்ற மருத்துவர்கள் சிகிச்சை அளித்துக்கொண்டிருந்த மருத்துவமனையிலேயே ஃபைசர் குழு இறங்கி, ட்ரோவன் என்ற தன் புதிய மருந்தைச் சுமார் 200 குழந்தைகளிடம் - பாதிப் பேருக்கு இது, பாதிப் பேருக்கு வழக்கமான மருந்து என்று - சோதித்தது. 11 குழந்தைகள் இறந்தார்கள். ட்ரோவன் பெற்றவர்கள் 5 பேர், மற்றதைப் பெற்றவர்கள் 6 பேர். நோயே காரணம், பெற்றோரிடம் வாய்மொழிச் சம்மதம் வாங்கினோம், உதவத்தான் போனோம் என்றது நிறுவனம். சோதனை என்றே எங்களுக்குத் தெரியாது என்றார்கள் பெற்றோர். 2009இல் கானோ மாநிலத்தோடு 7.5 கோடி டாலருக்கு உடன்பாடு ஆனது. உதவிக்கும் சோதனைக்கும் நடுவிலுள்ள கோடு, படுக்கையில் கிடக்கும் குழந்தையின் தாய்க்கு எப்படித் தெரியும்? ‘சும்மா குடுக்குறாங்க’ என்ற சொல்லுக்கு அங்கே என்ன பொருள்?

இதையெல்லாம் வெளிநாட்டுக் கம்பெனிகளின் பாவக்கணக்காக மட்டும் வாசித்துவிட்டு நம் கம்பெனிகளுக்கு மாலை போட்டுவிட முடியாது. 2001இல் சிப்லா எய்ட்ஸ் கூட்டுமருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. அப்போது மேற்கத்திய விலை 10,000 டாலருக்கும் மேல். உயிர் காத்த காரியம். அதுவும் கொடையல்ல, விலை. ஆனால் கிளிவெக் தீர்ப்பு வந்த அடுத்த மாதம், 2013 மே மாதத்தில், ரான்பாக்ஸி நிறுவனம் தரமற்ற மருந்து, பொய்யான ஆவணம் ஆகிய குற்றங்களை அமெரிக்காவில் ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்டியது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்த ‘கோல்ட்ரிஃப்’ இருமல் மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பரிசோதனையில் அதில் 48.6 சதவீதம் டை எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் இருந்தது. இங்கே யாரும் பள்ளிக்குக் கழிப்பறை கட்டவில்லையே என்று நாம் கேட்கவில்லை. பாட்டிலுக்குள் மருந்து மட்டும் இருந்திருக்கவேண்டும், அவ்வளவுதான். சட்டத்தின் பாஷையில் அது ‘வழக்கமான தொழில்’.

6

தமிழ் படித்தவன் என்பதால் கடைசியாக ஒரு பழைய பாகுபாட்டிடம் போகிறேன். குறளில் ‘ஒப்புரவறிதல்’ 22ஆம் அதிகாரம், ‘ஈகை’ 23ஆம் அதிகாரம். இரண்டும் கொடுப்பது பற்றியவைதானே, ஏன் இரண்டு? ஈகையில் இரப்பவர் ஒருவர் முன்னால் நிற்கிறார், கொடுப்பவர் அவர் முகத்தைப் பார்க்கிறார். ஒப்புரவில் செல்வத்துக்கு வரும் மூன்று உவமைகள்: ஊருணி, ஊர் நடுவில் பழுத்த மரம், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம். மூன்றிலும் வாசலில் நின்று கொடுக்கிற ஆள் இல்லை. ஊருணி யாரிடமும் வருமானச் சான்று கேட்பதில்லை. சி.எஸ்.ஆர். என்கிற சொல்லாடல் ஒப்புரவின் பேரைச் சொல்லி ஈகையைச் செய்கிறது, அதுவும் புகைப்படத்தோடு.

பழம்பெருமையாக இதைச் சொல்லவில்லை. ஊருணியில் யார் இறங்கலாம், யார் கரையில் குடத்தோடு காத்திருக்கவேண்டும் என்று ஊர் வைத்திருந்த கணக்கு நமக்குத் தெரியாததல்ல. ஊர்ப்பொது என்பது தானாகப் பொதுவாக இருந்ததில்லை; சண்டை போட்டுத்தான் பொதுவாக்கவேண்டியிருந்தது. மருந்துக்கும் அதுவே. 1970ஆம் ஆண்டுச் சட்டமும், 3(டி) பிரிவும், சென்னையில் நின்ற வழக்கும் அந்தச் சண்டையின் பகுதிகள். 1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பொதுப்பெயர் மருந்துகளை மொத்தமாக ஒப்பந்தம் போட்டு வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புவதும் ஒரு பகுதிதான். அங்கே கியூ நீளம், மருந்து தீர்ந்துபோன நாட்களும் உண்டு. ஆனால் கிடைக்கவில்லை என்றால் அங்கே நின்று சத்தம் போடலாம். “எங்க வரிப்பணம்யா” என்று கேட்கலாம். கம்பெனி வண்டிக்கு முன்னால் அப்படிக் கேட்க வாய் வராது.

முகாம் நடத்தும் நண்பருக்கு என் பதில் இதுதான்: வாங்கிக்கொள்ளுங்கள். நோயாளியின் முன்னால் கொள்கை பேசி மாத்திரையைத் திருப்பி அனுப்பும் உரிமை எனக்கில்லை, நான் அம்மாவுக்கு வாங்கியவன். ஆனால் வாங்கும்போதே அந்த நிறுவனத்திடம் சில கேள்விகள் கேளுங்கள். இந்த மாத்திரை கடையில் என்ன விலை, ஏன்? இதை யாரிடம் சோதித்தீர்கள்? உங்கள் ஆலைக் கழிவு எந்த ஆற்றில் விழுகிறது? பதில் சொல்லிவிட்டு அடுத்த மாதமும் வண்டி வந்தால் அப்போது பொறுப்பைப் பற்றிப் பேசலாம். வராமல் போனால், வண்டி எதற்காக வந்துகொண்டிருந்தது என்பதாவது ஊருக்குத் தெரிந்துவிடும்.

அம்மாவின் படம் எந்த வெளியீட்டிலாவது வந்ததா என்று தெரியவில்லை. ஊசி நின்று ஒரு வருடம் ஆகிறது. திட்டத்தை மாற்றிவிட்டார்களாம். விலை மட்டும் அப்படியே இருக்கிறது.